திறப்பு

மூன்றாம் கட்டிலுக்கு மேலிருந்த ரியூப் லைற்றை
நான்தான் கழற்றினேன்,
செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறி.
இப்போது அது அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது.
யன்னலுக்கு ஒரு நீலச் சாரம்.
கதவில் காட்போட் மட்டை:
மெல்லக் கதையுங்கோ.

உள்ளே இருப்பவருக்கு வயது மூன்று நாள்.
நிறை இரண்டு கிலோ நானூறு.
அழுகை மட்டும்
உச்சத்தில் தொடங்கி உச்சத்திலேயே நிற்கிறது.
கை நடுங்கும், தாடை நடுங்கும்,
தும்மல் ஒன்றன்பின் ஒன்றாய் ஐந்து ஆறு.
முழங்காலைத் துணியில் உரசி உரசித்
தோல் சிவந்துபோயிற்று.

தாய் பவளராணி.
இடுப்பெலும்புக்குப் பக்கத்தில்
எடுக்க எவரும் துணியாத ஒரு செல் துண்டு.
அதற்குக் குளிசை.
முதலில் ஒன்று, பிறகு மூன்று,
பிறகு எண்ணாமல்.
வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே
எல்லாவற்றையும் கிணற்றில் போடப் போனவ.
சட்டென்று விட்டால் உள்ளே இருப்பவர் தாங்கமாட்டார் என்று
கிளினிக்கில் மறித்தார்கள்.
கொப்பூழ்க்கொடி வெட்டியபோது
அவருக்கு அதுவும் சேர்ந்து அறுந்தது.

"இரும்பு என்னில, நடுக்கம் இவனில" என்கிறா.
நான் ஈரத் துவாயை மாற்றிக்கொண்டிருந்தேன்.
பதில் வரவில்லை.

டொக்டர் ஹிருணிக்கு அரைத் தமிழ்.
"மருந்து இல்லாம பாப்பம் மிஸ்" என்றா.
எனக்கு வயிறு ஒருமுறை சுருண்டு விரிந்தது.
அந்தக் கடைசி மாதங்களில்,
பள்ளிக்கூட மேசையில் ஆட்களைக் கிடத்தி,
மருந்தில்லை, மருந்தில்லை என்று
முகங்களைப் பார்த்துச் சொன்ன வாய் இது.
பிறகு முகங்களைப் பார்க்காமலும் சொன்னது.
டொக்டருக்கு அது தெரியாது.
அப்போது அவ பள்ளிக்கூடத்தில்
வேறு பாசையில் கணக்குச் செய்துகொண்டிருந்திருப்பா.
"இருக்கு மிஸ். அலுமாரில இருக்கு.
திறப்பு உங்கட்ட. முதல் அம்மாவைக் குடுப்பம்."

அம்மாவைக் கொடுத்தோம்.
சட்டையில்லா நெஞ்சில் பிள்ளை, மேலே ஒரு போர்வை.
பாலும் கொஞ்சம் கொஞ்சமாய்,
அவர் கேட்கிற நேரமெல்லாம்.
கை இரண்டையும் நெஞ்சோடு மடித்து
முகம் மட்டும் தெரியச் சுற்றினோம்.
எழுதவேண்டியது மூன்றே மூன்று:
குடித்தாரா,
ஒரு மணித்தியாலம் நித்திரையா,
பத்து நிமிசத்துக்குள் ஆறினாரா.

மாங்குளத்தால் இரவு ரயில் போகும்.
எந்த மட்டையை வாசிக்கும் அது?
கட்டில் கால்கள் அதிர,
இவர் விரித்தெறிந்து வீரிட,
மறுபடி முதலிலிருந்து.

நாலாம் இரவு இரண்டு மணிக்கு
மூன்று கேள்விக்கும் இல்லை என்று எழுதினேன்.
கை சட்டைப்பைக்குப் போயிற்று.
போன வருசம் வேறொரு பிள்ளைக்குத் திறந்தவள்தான்;
திறந்ததில் ஒரு வெட்கமும் இல்லை.
"இன்னும் ஒரு மணித்தியாலம்" என்றது ரெலிபோன்,
"அப்பா எங்க?"

அப்பா ஜெகசோதி, வெளி வாங்கில்,
மணல் ஏற்றிய சேட்டோடு.
கழுவச் சொன்னேன், முழங்கை மட்டும், நெஞ்சும்.
தாலாட்டுத் தெரியாது மிஸ் என்றான்.
பிள்ளையைத் தோளோடு நிமிர்த்திப் பிடித்து
மேலும் கீழுமாய் மெதுவாக அசைந்து
தொண்டைக்குள்ளே ஏதோ ஒரு சத்தம்,
ஒரே சீராய்,
லாண்ட்மாஸ்ரர் நிற்பாட்டாமல் நிற்கிற சத்தம்.
ஏழு நிமிசம்.
மணிக்கூட்டைப் பார்த்தே எழுதினேன்.

இன்று ஆறாவது இரவு.
ரயில் வந்தது, போனது.
ஒரு கண்ணிமை அசைந்தது, அவ்வளவுதான்.
இரண்டு தும்மல் இன்னும் மிச்சம்.
பவளராணி பதினொரு மணியிலிருந்து
சாய்ந்த வாக்கிலேயே இருக்கிறா,
இரும்பு இருக்கிற பக்கமாக.
குனிந்து கேட்டேன்,
"நோகுதோ?"

"ஓம்" என்றா.
"கதைக்காதேங்கோ மிஸ். நித்திரை."